பாட்டில் யாருடையது? லண்டனில் 1698 முதல் நடக்கும் ஓர் ஒயின் கடையும் அதன் கண்ணாடியும்

1663 அக்டோபர் 23 அன்று சாமுவேல் பீப்ஸ் லண்டனில் ராலின்சன் என்பவரின் மதுச்சாலைக்குப் போனார். தன்னுடைய புது பாட்டில்களைப் பார்ப்பதற்காகவே போனார். ஐந்தாறு டஜன் பாட்டில்கள். ஒவ்வொன்றின் தோளிலும் கண்ணாடியிலேயே பதித்த அவருடைய குடும்பச் சின்னம். அவற்றில் ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்து மேலே வந்துகொண்டிருந்த மனிதர் அவர். இதை நாட்குறிப்பில் எழுதிவைக்கும் அளவுக்கு அது அவருக்குப் பெரிய விஷயம்.

ஒயின் அந்தக் கடைக்காரருடையது, பாட்டில் பீப்ஸுடையது. எண்ணெய் வாங்க வீட்டிலிருந்து தூக்கு கொண்டுபோன காலம் நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். இன்றைக்கு பாட்டில் என்பது சரக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒன்று, குடித்து முடித்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போகிற ஒன்று. நடுவில் என்ன நடந்தது? பாட்டில் எப்போது வாடிக்கையாளர் கையிலிருந்து வணிகர் கைக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது?

இதைப் பார்க்க நான் எடுத்துக்கொண்ட கடை பெர்ரி பிரதர்ஸ் அண்ட் ரட். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெரு, எண் 3. 1698இல் தொடங்கி அதே முகவரியை இன்னமும் விடாமல் வைத்திருக்கிறது. இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரசர்கள், பிரபுக்கள், டைட்டானிக் என்று போய்விடுவார்கள். அவையும் கீழே வரும். ஆனால் 300 ஆண்டுகளுக்கு மேலான இந்த வியாபாரத்தின் முதுகெலும்பு கண்ணாடி என்றுதான் எனக்குப் படுகிறது. பாட்டில், கிளாஸ், டிகாண்டர் (பாட்டிலிலிருந்து ஒயினை ஊற்றி மேசைக்குக் கொண்டுவரும் கண்ணாடிக் குடுவை) மூன்றும் யார் கையில் இருந்தன என்பதைப் பின்தொடர்ந்தால், கடை ஏன் ஒவ்வொரு முறையும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது என்பது விளங்கும்.

மளிகைக்கடையாகத் தொடங்கியது

1698 ஜனவரியில் லண்டனின் ஒயிட்ஹால் அரண்மனை எரிந்துபோனது. அரசவை செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்கு இடம் மாறியது. அதே ஆண்டு, அந்த அரண்மனைக்கு எதிரே போர்ன் என்ற விதவைப் பெண்மணி ஒரு மளிகைக்கடை திறந்தார். அவருடைய முதற்பெயரைக்கூட வரலாறு வைத்திருக்கவில்லை, ‘விதவை போர்ன்’ என்றுதான் குறிப்பு. காப்பி, தேயிலை, மசாலா வகைகள். வீடுகளுக்கு எண் போடாத காலம், கடையை அடையாளம் காண வாசலில் தொங்கும் படம்தான் வழி. இந்தக் கடைக்கு அடையாளம் காப்பிக்கொட்டை அரைக்கும் மில். அந்தச் சின்னம் இன்றும் வாசலில் தொங்குகிறது, உள்ளே காப்பி விற்பது நின்று எவ்வளவோ காலமாகிவிட்ட பிறகும்.

மகள் எலிசபெத் வில்லியம் பிக்கரிங் என்பவரை மணந்தார். கடை பிக்கரிங் குடும்பத்துக்கு வந்தது. இப்போது இருக்கும் கட்டடமும், பக்கத்துச் சந்து வழியாகப் போனால் வரும் பிக்கரிங் பிளேஸ் என்ற சின்ன முற்றமும் 1730களில் அவர்கள் கட்டியவை. அதற்கடுத்து ஜான் கிளார்க், அவருடைய மகள்வயிற்றுப் பேரன் ஜார்ஜ் பெர்ரி. எக்ஸிட்டரில் ஒயின் வணிகம் செய்த குடும்பத்துப் பையன். 1803இல் பதினாறு வயதில் லண்டன் வந்து, 1810இல் தன் பெயரை வாசலுக்கு மேலே ஏற்றினார். பெண் வழியாகவே கடை இரண்டு முறை கைமாறியிருக்கிறது என்பதைக் கவனித்தேன். வாசல் பலகையில் இருப்பதோ ஆண்களின் பெயர்கள் மட்டும்.

இந்தக் கடையின் மிகப் பிரபலமான பொருள் பெரிய தராசு. காப்பி மூட்டை எடைபோட வைத்தது. ஆள் எடை பார்க்கும் கருவி வீடுகளில் இல்லாத காலம் அது. வாடிக்கையாளர்கள் வேடிக்கையாக ஏறி உட்காரத் தொடங்கினார்கள், 1765 முதல் அதைப் பேரேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. துலாபாரம் மாதிரிதான், வேண்டுதல் மட்டும் கிடையாது. கவிஞர் பைரன் 1806இல் 13 ஸ்டோன் 12 பவுண்டு, நம் கணக்கில் 88 கிலோ. காலில் பூட்ஸ் இருந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. 1811க்குள் அதே மனிதர் 57 கிலோவுக்கும் கீழே போய்விட்டார். அவர் பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்த கதைக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பிரதமராக இருந்த இளைய பிட், உடை நாகரிகத்துக்குப் பேர்போன பியூ பிரம்மல் ஆகியோரும் ஏறியிருக்கிறார்கள்.

தராசு ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்துவிட்டுப் போகட்டும். பேரேடு வேடிக்கை இல்லை. இன்னாருக்கு எந்த ஆண்டு எவ்வளவு என்று எழுதி, அந்தப் புத்தகத்தை எறியாமல் வைத்திருந்த கடை அது. இந்தப் பழக்கம் பின்னால் பணமானது, கடைசியில் அங்கேதான் வருகிறேன்.

கடை திறந்தபோது கண்ணாடி என்ன நிலையில் இருந்தது

போர்ன் அம்மையார் கடை திறந்தது கண்ணாடியைப் பொறுத்தவரை நல்ல நேரம். அதற்கு முந்தைய 80 ஆண்டுகளில் இங்கிலாந்து இரண்டு காரியங்களைச் சாதித்திருந்தது.

முதலாவது, கெட்டியான பாட்டில். 1615இல் ஜேம்ஸ் அரசர் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டார். கப்பல் கட்ட மரம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். உலைக்காரர்கள் வேறு வழியின்றி நிலக்கரிக்குப் போனார்கள். உலை முன்னைவிடச் சூடாக எரிந்தது. கண்ணாடி கனமாக, கறுப்புக்குப் பக்கத்துப் பச்சையில் வந்தது. மணலில் உள்ள இரும்பும் நிலக்கரிப் புகையும் கொடுத்த நிறம். பார்க்க அழகில்லை, ஆனால் கீழே வைத்தால் உடையாது, தக்கையை அறைந்து ஏற்றினால் தாங்கும். இந்த பாட்டிலை முதலில் செய்தவர் கெனெல்ம் டிக்பி என்று 1662இல் சாட்சி சொன்னார்கள், வேறொருவர் அதற்கு உரிமை கேட்டு வந்தபோது. கப்பலுக்காகப் போட்ட தடை ஒயின் வியாபாரத்தை மாற்றிவிட்டது. அரசர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

அதே 1662இல் கிறிஸ்டோபர் மெரட் என்ற மருத்துவர் இரண்டு வேலை செய்தார். கண்ணாடி செய்வது பற்றிய இத்தாலிய நூல் ஒன்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைக்கும் லண்டன் வணிகர்களின் வழக்கத்தை ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் கட்டுரையாக வாசித்தார். ஒரே ஆள், ஒரே ஆண்டு, கண்ணாடியும் ஒயினும். நுரைக்கும் ஒயின் உள்ளிருந்து தள்ளும். மெல்லிய பாட்டில் வெடித்துவிடும். நிலக்கரி உலை இல்லாமல் அந்த வழக்கம் நிலைத்திருக்காது.

இரண்டாவது, ஈயக் கண்ணாடி. அதுவரை நல்ல கிளாஸ் வேண்டுமென்றால் வெனிஸ்தான். 1660களின் கடைசியில் ஜான் கிரீன் என்ற லண்டன் வியாபாரி தனக்கு வேண்டிய வடிவங்களைத் தாளில் வரைந்து வெனிஸுக்கு அனுப்பிச் செய்து வாங்கினார். 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் உள்ளூரிலேயே படிகம் போன்ற கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் செய்தவை சில மாதங்களில் உள்ளுக்குள் நுண்ணிய விரிசல் விட்டு மங்கின. கலவையில் ஈய ஆக்சைடைச் சேர்த்துச் சரிசெய்தார். சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகக் காக்கையினப் பறவையான ரேவனின் தலையை முத்திரையாகக் குத்தினார், தன் பெயரிலேயே இருக்கிற பறவை. கனமான கண்ணாடி, தட்டினால் மணிபோல நீண்டு ஒலிக்கும், ஒளியை வளைத்துக் காட்டும். 1681இல் உரிமைக் காலம் முடிந்ததும் எல்லோரும் செய்யத் தொடங்கினார்கள். 1696இல், போர்ன் கடை திறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால், இங்கிலாந்தில் 27 உலைகள் இந்த வகைக் கண்ணாடி செய்துகொண்டிருந்தன.

ஆக, வாடிக்கையாளர் வீட்டில் கறுப்பு பாட்டிலும் பளிங்கு கிளாஸும் இருந்தன. வணிகரிடம் இருந்தது மரப்பீப்பாய்.

பீப்பாய் கடைக்காரருக்கு, பாட்டில் வீட்டுக்காரருக்கு

பீப்பாயில் விற்றதற்குச் சட்டமும் அளவும் சேர்ந்த காரணங்கள் இருந்தன. வாயால் ஊதிச் செய்த பாட்டில் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்றில் கொஞ்சம் கூடும், இன்னொன்றில் குறையும். பாட்டில் கணக்கில் விற்றால் ஏமாற்று என்ற பேச்சு வந்துவிடும். அதனால் ஒயினை அளந்து விற்று, வாடிக்கையாளர் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தார்கள். சின்னம் குத்திய பாட்டில் நிரப்பும் இடத்துக்கும் வீட்டுக்கும் திரும்பத் திரும்பப் போய்வரும். அடுத்தவர் பாட்டிலோடு கலந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த முத்திரையின் முதல் வேலை. பெருமை அதற்கப்புறம்.

பாட்டிலின் வடிவம் மாறியதைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். 1650களில் உருண்டை வயிறும் நீண்ட கழுத்தும். 1680களிலிருந்து வயிறு அகன்று கழுத்து குட்டையாகி வெங்காயம் மாதிரி. 1730களில் பக்கங்கள் நிமிர்ந்து மரச் சுத்தியல் தலை மாதிரி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நீள்உருளை. வெங்காயத்தைப் படுக்கவைக்க முடியாது, உருளையை அடுக்கிப் படுக்கவைக்கலாம். படுக்கவைத்தால் தக்கை ஈரமாகவே இருக்கும், காற்று புகாது, ஒயின் பத்து இருபது ஆண்டு தாங்கும். பாட்டில் அதுவரை மேசைக்குக் கொண்டுபோகும் சொம்பு. உருளையானதும் அது பத்தாயமாகிவிட்டது.

இதை அவசரப்படுத்தியது போர்ட் ஒயின். 1703இல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் செய்துகொண்ட மெத்யுவன் ஒப்பந்தத்தால் போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. போர்ட் இளசாக இருக்கும்போது முரட்டுச் சரக்கு, வைத்து வைத்துத்தான் குடிக்க வேண்டும். அப்படி வைத்தால் கசடு அடியில் தங்கும். கசடு தங்கினால் மெதுவாக வேறொன்றில் இறுத்து ஊற்ற வேண்டும். அதற்குத்தான் டிகாண்டர். கறுப்பு பாட்டிலில் கசடு தெரியாது, மெழுகுவர்த்தியைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துப் பார்த்து ஊற்றுவார்கள். கீழறையில் வேலைக்காரர் கையில் அசிங்கமான பாட்டில், மேலே மேசையில் பளிங்கு டிகாண்டர். ஒரே ஒயினுக்கு இரண்டு கண்ணாடி, இரண்டு சாதி.

வரி இன்னொரு பக்கம். 1745இல் கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி போட்டார்கள். ஈயக் கண்ணாடியோ கனம்தான் அதன் சிறப்பு. வரிக்குப் பயந்து கிளாஸ்கள் மெலிந்தன. தண்டு தடிமனாக இருந்ததுபோய், உள்ளே காற்றையோ வெள்ளை எனாமல் இழையையோ முறுக்கிவிட்டு அழகு காட்டின. அயர்லாந்தில் அந்த வரி இல்லாததால் 1783இல் வாட்டர்ஃபோர்டில் தொழில் கிளம்பியது. இங்கிலாந்தில் வரி எடுபட்டது 1845இல்தான், சரியாக நூறு ஆண்டு.

அந்தக் கிளாஸ்களின் அளவைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 1700 முதல் இன்றுவரையிலான 411 ஒயின் கிளாஸ்களை அளந்து 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் சராசரிக் கொள்ளளவு 66 மில்லி. 2016–17இல் 449 மில்லி. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. 66 மில்லி என்பது நம் டீக்கடை கிளாஸைவிடச் சின்னது. அந்தக் காலத்தில் கிளாஸ் மேசையிலேயே இருக்காது. கேட்டால் பணியாள் ஊற்றிக் கொண்டுவருவார், ஒரே மடக்கில் குடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள், அவர் அலசி அடுத்தவருக்குக் கொண்டுபோவார். கிளாஸ் சின்னது என்பதால் கொஞ்சமாகக் குடித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஈயத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சோதனையில், ஈயக் கண்ணாடி டிகாண்டரில் நான்கு மாதம் வைத்த போர்ட்டில் லிட்டருக்கு 89 மைக்ரோகிராமாக இருந்த ஈயம் 2,000க்கும் மேலே போயிருந்தது. ஊற்றி அன்றைக்கே குடித்தால் பெரிய கவலையில்லை, மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பதுதான் ஆபத்து. இப்போது நல்ல கிளாஸ்கள் பெரும்பாலும் ஈயமில்லாமலே வருகின்றன.

பாட்டில் வணிகர் கைக்கு வந்தது

1821இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ரிக்கெட்ஸ் அச்சில் ஊதி பாட்டில் செய்ய உரிமை பெற்றார். எல்லா பாட்டிலும் ஒரே அளவு. இந்தக் கதையில் இதைத்தான் பெரிய திருப்பம் என்பேன், அரச குடும்பத்தின் நற்சான்றுகளைவிட. அளவு ஒன்றாகிவிட்டால் பாட்டிலை எண்ணி விற்கலாம். எண்ணி விற்கலாம் என்றால் வாடிக்கையாளர் பாட்டில் தேவையில்லை. வணிகரே வாங்கி, நிரப்பி, தக்கை அடித்து, தன் பெயரை ஒட்டலாம்.

அளவு பற்றி ஒரு சின்ன விலகல். அன்றைய பிரிட்டிஷ் வழக்கில் ‘ஒரு பாட்டில்’ என்றால் கேலனில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 757 மில்லி. பன்னிரண்டு பாட்டில் பெட்டி ஒன்றுக்கு இரண்டு கேலன். பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவிலிருந்து வரும் பீப்பாய் 225 லிட்டர், 750 மில்லி வீதம் சரியாக 300 பாட்டில். நம் ஊரில் ‘ஃபுல்’ என்று கேட்டால் வரும் 750 மில்லி, ‘குவார்ட்டர்’ என்று கேட்டால் வரும் 180 மில்லி, இவையெல்லாம் இந்தக் கணக்கின் வாரிசுகள்தான். குவார்ட்டர் எதில் ஏறக்குறையக் கால்பங்கு என்று யாராவது கேட்டால் இனிமேல் சொல்லலாம்.

1860இல் பிரான்சோடு ஓர் ஒப்பந்தம் வந்து ஒயின் வரி சரிந்தது. அதே ஆண்டு நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், சாதாரணக் கடைக்காரரும் உரிமம் வாங்கி ஒயின் பாட்டிலை வீட்டுக்கு விற்கலாம் என்றது. 1857இல் தொடங்கிய கில்பி நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டு, ஊர் ஊராக மளிகைக்கடைகளை முகவர்களாக்கித் தன் லேபிள் ஒட்டிய பாட்டிலை விற்றது.

எனக்கு இதில் சிரிப்பு வருவது இந்த இடத்தில்தான். நாடு முழுக்க மளிகைக்காரர்கள் ஒயின் விற்கத் தொடங்கிய அந்த நூற்றாண்டில்தான், மளிகைக்கடையாகப் பிறந்த பெர்ரி கடை மளிகையைக் கைவிட்டு முழு ஒயின் வணிகராக மாறியது. மலிவுக்கு ஆள் வந்துவிட்டார்கள், நாம் மேலே போவோம் என்ற கணக்கு. சுற்றிலும் ஒயிட்ஸ், பூடில்ஸ், புரூக்ஸ் என்று பணக்காரர் கிளப்புகள், எதிரே அரண்மனை. இந்தத் தெருவில் உட்கார்ந்துகொண்டு வேறு எந்தக் கணக்குப் போடுவது?

பீப்பாய் லண்டன் வரும், நிலவறையில் இறங்கும், கடையின் ஆட்கள் நிரப்புவார்கள். லேபிளில் ஒயினின் பெயரும் கடையின் பெயரும். அந்தக் கடை நிரப்பியது என்றால் நல்ல கைப்பக்குவம் என்று ஒரு நம்பிக்கை. எந்தத் தோட்டம் என்பதோடு யார் நிரப்பினார் என்பதையும் பார்த்து வாங்கினார்கள். 1903இல் ஏழாம் எட்வர்டு காலத்தில், அரண்மனைக்குச் சரக்குத் தரும் கடை என்ற அரச நற்சான்று வந்தது. அதே ஆண்டு, திறந்த மோட்டார் வண்டியில் குளிரில் சுற்றும் அரசருக்காக அரண்மனை மருத்துவர் கேட்டு, இஞ்சி மதுபானம் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அது இன்னும் விற்பனையில் இருக்கிறது. 1912இல் டைட்டானிக்கில் ஏற்றிய 69 பெட்டிச் சரக்கு கடலுக்குள் போனது. 1920இல் ஹியூ ரட் பங்குதாரராகச் சேர்ந்தார், கடைக்கு இன்றைய பெயர் வந்தது அவரால்தான்.

லேபிளின் வலிமைக்கு ஒரே உதாரணம் போதும். 1923 மார்ச்சில் கடை ஒரு மெல்லிய நிற விஸ்கியை வெளியிட முடிவு செய்தது. ஜேம்ஸ் மெக்பே என்ற ஓவியர், அப்போது இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து பேச்சாக இருந்த கட்டி சார்க் கப்பலின் பெயரையே அதற்கு வைக்கச் சொன்னார், லேபிளையும் வரைந்து கொடுத்தார். பழுப்பேறிய வெள்ளைத் தாளில் அச்சடிக்க நினைத்தது அச்சகத்தில் தவறி பளீரென்ற மஞ்சளாக வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். பச்சை பாட்டில், மஞ்சள் லேபிள். மதுவிலக்கு நடந்த அமெரிக்காவுக்குள் பகாமாஸ் வழியாகப் போய் இறங்கி, அங்கே பெரிய பெயராகிவிட்டது. 2010இல் அதை எட்ரிங்டன் நிறுவனத்துக்கு விற்கும்வரை, ஒயின் கடையைத் தாங்கியதில் விஸ்கிக்குப் பெரிய பங்கு உண்டு. கடை இதை அவ்வளவு உரக்கச் சொல்லிக்கொள்வதில்லை.

கையைவிட்டுப் போனது

ஆனால் ஒயின் பாட்டில் வணிகரிடம் நிலைக்கவில்லை. 1924 அறுவடையிலிருந்து, போர்தோவில் உள்ள முதோன் திராட்சைத் தோட்டத்தின் பிலிப் த ரோத்ஷீல்டு தன் ஒயின் முழுவதையும் தோட்டத்திலேயே நிரப்பினார். பீப்பாய் வெளியே போனால் வழியில் எதையாவது கலந்துவிடுவார்கள் என்ற சந்தேகம். அது வீண் சந்தேகமும் அல்ல. 1970களின் தொடக்கத்துக்குள் போர்தோவின் தரவரிசைத் தோட்டங்களுக்கு அதுவே விதியானது. விண்டேஜ் போர்ட்டும் (ஒரே நல்ல ஆண்டின் அறுவடையில் செய்த போர்ட்) 1975 அறுவடையிலிருந்து போர்ச்சுகலிலேயே நிரப்பப்பட வேண்டும் என்றாயிற்று. லண்டன் நிலவறைகளில் பீப்பாய் இறக்கி நிரப்பும் தொழில் ஒரு தலைமுறைக்குள் முடிந்துபோனது.

பாட்டில் இப்போது தோட்டக்காரருடையது. லேபிளும் அவருடையது. அதே பாட்டிலை யாரும் விற்கலாம், யாரிடமும் வாங்கலாம். அப்புறம் செயின்ட் ஜேம்ஸ் தெருக் கடைக்கு எதற்குப் போக வேண்டும்?

கிளாஸும் வேறு கைக்குப் போனது. 1958இல் ஆஸ்திரியாவின் கிளவுஸ் ரீடல் என்பவர் பிரான்சின் பர்கண்டி ஒயினுக்கென்று ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு கிளாஸைச் செய்தார். ஒரு முழு பாட்டிலை ஊற்றினாலும் நிரம்பாது. நிரப்புவதற்காகச் செய்ததும் அல்ல, மணம் சுழல்வதற்கு இடம் விட்டது. ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு கிளாஸ் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. அதற்கு முன் கிளாஸ் வீட்டுப் பெருமை. அதற்குப் பிறகு, சுவைக்கத் தெரிந்தவர் என்று காட்டும் கருவி. ஒயின் வணிகர்கள் தங்கள் கடையிலேயே கிளாஸும் டிகாண்டரும் விற்பது இன்று சாதாரணம், பெர்ரி கடையும் விற்கிறது. பாட்டிலில் பெயர் போட முடியாமல் போனவருக்கு, மேசையில் வேறொரு இடம். இந்தக் கிளாஸ் பேச்சில் பாதி உண்மை, பாதி வியாபாரம் என்பது என் அபிப்பிராயம். அகன்ற வயிறும் குறுகிய வாயும் மணத்தைப் பிடித்துவைக்கும் என்பது சரிதான். திராட்சை வகைக்கு ஒரு கிளாஸ் என்று இருபது கிளாஸ் அடுக்குவதற்கு வீட்டில் இடமும் வேண்டும், கழுவ ஆளும் வேண்டும்.

கடை என்ன செய்தது

தப்பித்த வழி, பழைய பேரேட்டுப் பழக்கத்தில் இருந்தது என்பேன்.

1967இல் லண்டனிலிருந்து தள்ளி, பேசிங்ஸ்டோக்கில் கிடங்கு எடுத்தார்கள். வாடிக்கையாளர் வாங்கிய ஒயினை அவர் வீட்டுக்கு அனுப்பாமல், அவர் பெயரில் அங்கேயே வைத்திருக்கிறார்கள். குளிர், ஈரப்பதம், இருட்டு எல்லாம் சரியாக. சுங்கக் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை அதற்கு வரியும் விழாது. பத்தாண்டு கழித்துக் குடிக்க நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம், மனம் மாறினால் விற்கலாம். விற்பதற்கென்று 2010இல் ஓர் இணையச் சந்தையும் தொடங்கினார்கள். ஒரு வாடிக்கையாளர் விலை சொல்வார், இன்னொருவர் வாங்குவார், கடைக்கு ஒரு தரகு. (இணையத்தில் இவர்கள் கால் வைத்தது 1994இல், அப்போது பெரும்பாலானோருக்கு மின்னஞ்சலே கிடையாது. தேக்குக் கதவும் மெழுகுவர்த்தியுமாக இருக்கிற கடை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.)

பழைய ஒயின் சந்தையில் பெரிய பயம் போலி. பாட்டிலும் லேபிளும் அசலாக இருந்து, உள்ளே வேறு ஒயின் இருக்கலாம். வெயிலில் கிடந்து கெட்டும் போயிருக்கலாம். தோட்டத்திலிருந்து வந்த நாள் முதல் இதே கிடங்கில் இருந்தது என்று காட்டும் பதிவு இருந்தால் விலை ஏறும். பைரனின் எடையை எழுதிவைத்த அதே வேலைதான், பொருள் மட்டும் மாறியிருக்கிறது. கடை இங்கே விற்பது பாட்டிலின் வரலாற்றை.

இதில் ஒரு பலவீனமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு ஒயினைக் குடிக்கும் பொருளிலிருந்து முதலீட்டுப் பத்திரமாக மாற்றுகிறது. விலை ஏறும்வரை எல்லோருக்கும் மகிழ்ச்சி. விலை இறங்கும் ஆண்டுகளில், விற்க நினைப்பவர் நிறைய, வாங்க ஆள் குறைவு. 300 ஆண்டுப் பெயர் அதற்கு உத்தரவாதம் தராது.

மரபுப் பொருட்களைப் பொறுத்தவரை கடை நடந்துகொண்ட விதம் கவனிக்க வேண்டியது. கோணலாகச் சாய்ந்த பலகைத் தரை, மரப்பலகை பொருத்திய சுவர், தராசு, பழைய கறுப்பு பாட்டில்கள் என்று பழைய அறையை அப்படியே விட்டிருக்கிறார்கள். பின்னாளில் பிரான்சின் பேரரசரான லூயி நெப்போலியன் நாடுகடந்து வாழ்ந்தபோது ரகசியமாகக் கூடியதாகச் சொல்லப்படும் நிலவறை இப்போது விருந்து நடத்தும் இடம். டெக்ஸஸ் தனி நாடாக இருந்த காலத்தில், 1842 முதல் 1845 வரை, அதன் தூதரகம் மாடியில் இருந்தது, சந்தின் சுவரில் அதற்கு ஒரு பலகை இருக்கிறது. 2017இல் அன்றாட விற்பனைக்கான கடையை மூலை திரும்பி பால் மால் தெரு 63ஆம் எண்ணுக்கு மாற்றினார்கள். அங்கே நல்ல வெளிச்சம், சமதளத் தரை, கையில் எடுத்துப் பார்க்க பாட்டில்கள். பழைய அறையில் ஒரு காலத்தில் சரக்கு கண்ணுக்கே தெரியாது, மேசையில் உட்கார்ந்து கேட்டால் கீழிருந்து கொண்டுவருவார்கள். தெரியாதவர் உள்ளே நுழையவே கூச்சப்படுவார். புதுக் கடை அந்தக் கூச்சத்தைப் போக்கியது. பழைய அறையையும் அருங்காட்சியகமாக்கிக் கயிறு கட்டிவிடவில்லை, பேசி வாங்குகிறவர்களுக்கான இடமாக வைத்துக்கொண்டார்கள்.

சரி, பாட்டில் யாருடையது? பேசிங்ஸ்டோக் கிடங்கில் ஒரு பெட்டி போர்தோ ஒயின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிரப்பியது தோட்டம், லேபிள் தோட்டத்துடையது. பதிவேட்டில் வாடிக்கையாளர் பெயர். அவர் ஹாங்காங்கில் இருக்கலாம், அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டார். ஒரு நாள் அவர் அதை விற்கிறார், சிங்கப்பூரில் ஒருவர் வாங்குகிறார். பதிவேட்டில் ஒரு வரி மாறுகிறது. பெட்டி அதே அலமாரியில், அதே இருட்டில், நகராமல் படுத்திருக்கிறது.